அங்க அடையாளம்

முதுநகர் ஸ்டேஷனில் எட்டு வருஷமாய் நான் ரைட்டர்.
காணாமல் போன ஆண்கள் அத்தனை பேரும்
என் கையெழுத்தில் மாநிறம்.
நடுத்தர உயரம், கட்டம்போட்ட கைலி.
அந்த வரியை எழுத
எனக்குப் புகார்தாரரே தேவையில்லை.

சோனங்குப்பத்துத் தெய்வக்கன்னி
மழை சொட்டச் சொட்ட வந்து
பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.
வீட்டுக்காரர் கலியவரதன், நாற்பத்தியொன்று,
செவ்வாய்க்கிழமை பாக்கிக் கூலி கேட்கப் போனவர்.
எப்படி இருப்பார் என்றேன்.
"நல்லவரும்மா."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தேன்.
"பங்கு பிரிக்கையில கால் ஒடிஞ்ச நண்டையெல்லாம்
தன் கூடையில போட்டுக்குவாரு.
கேட்டா, ருசி ஒண்ணுதானேம்பாரு."
எழுதியிருந்த 'நல்லவர்' மேல் கோடு போட்டேன்.
நண்டு இருக்கட்டும்.

"ஆளு மலை மாதிரி."
எந்த மலை?
இந்த ஊரில் இருப்பது கேப்பர் மலை ஒன்றுதான்,
அதில் டவுன் பஸ்கூட மூச்சிரைக்காமல் ஏறுகிறது.
கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு,
"எங்க வூட்டு நிலைப்படி தாழ்வு.
இடிச்சு இடிச்சு
இப்போ கல்யாண மண்டபத்து வாசல்லயும்
குனிஞ்சுதான் நுழையுறாரு."
உயரம் என்ற கட்டம் சென்டிமீட்டர் கேட்டது.
குனிவார் என்று எழுதினேன்.

சிப்காட் பக்கத்துக் காற்று திரும்பியது.
எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.
"அவரு மேல டீசல் வாடை," என்றவள் தானே தலையாட்டி,
"அது எல்லார் மேலயும்தான். இவருக்கு
டீசலுக்கு மேல சந்தனப் பவுடரு."
குரல்?
"கூப்பிட்டா உடனே பதில் வராது.
முதல்ல செருமுவாரு. ரெண்டு தரம்."

அழுதாள் என்று நான் எழுதவில்லை.
மணிபர்ஸ் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மூடினாள்.
உள்ளே ஒரு பஸ் டிக்கெட் மட்டும்.

கட்டம் போதாமல் தாள் ஒட்டினேன்.
இன்ஸ்பெக்டர் புரட்டிப் பார்த்தார்.
"என்னம்மா, நாவலா? மைக்ல இதையா வாசிப்பாங்க?"
சிவப்பு மையில் எல்லாம் போயிற்று.
மாநிறம் தப்பித்தது, கைலியும்.

விடிவதற்குள் மூன்று கலியவரதன்கள் கிடைத்தார்கள்.
விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர், போதை.
சிதம்பரம் பிளாட்பாரத்தில் ஒருவர், பெயர் வேறு.
புதுச்சேரி, கதிர்காமம் பிணவறையில் ஒருவர்.
"மேடம், எல்லாம் பொருந்துது."
அடித்த வரிகளை எடுத்து வாசித்தேன்.
குனிவாரா? செருமுவாரா?
மறுமுனையில் கொஞ்சம் மௌனம்.
"மேடம், இவரு படுத்திருக்காரு."

அப்போதுதான் உறைத்தது,
எட்டு வருஷமாய் நான் நிரப்பிய படிவம்
பிணத்துக்கு அளவெடுத்துத் தைத்தது.
அதில் ஒரு வினைச்சொல்லுக்கு இடமில்லை.

காலை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு
மத்தியானம் வந்தாள் தெய்வக்கன்னி.
"அவரு இல்ல."
தண்ணீர் குடித்தாள். போகவில்லை.
"அந்த மனுஷன் விரல் இடுக்குல
நீலச் சாக்கட்டித் தூளு. தையக்காரரா இருக்கும்.
வலது கட்டை விரல்ல கத்திரிக்கோல் காப்பு.
அவருக்கும் யாராச்சும் தேடுவாங்கல்ல,
எழுதிக்குங்க."
புதுத் தாள் எடுத்தேன். கட்டம் போடாத தாள்.

சிவப்பு மையில் போனதை
துறைமுகப் பக்கம் தெரிந்த நாலு பேரிடம்
வாய்மொழியாகச் சொல்லி வைத்திருந்தேன்.
பதினோராம் நாள் ராத்திரி
தேங்காய்த்திட்டிலிருந்து டெல்காஸ், ஐஸ் கம்பெனி வாட்ச்மேன்:
"லாரியே நுழையுற கேட்டு மேடம்.
புதுசா வந்த ஆளு ஒருத்தரு
அதுல குனிஞ்சு வராரு."

பேரைச் சொல்லிக் கூப்பிடு,
போனை அந்தப் பக்கம் திருப்பு என்றேன்.
கம்ப்ரஸர் இரைச்சல்.
பனிக்கட்டி சறுக்கும் சத்தம்.
டெல்காஸ் கூப்பிடுகிறான்.

ஒரு செருமல்.

ரிசீவரைக் காதோடு அழுத்தி
இன்னொன்றுக்குக் காத்திருக்கிறேன்.